சிப்பாயின் தட்டைக் காத்த கர்னல்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அடையாறில் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அமைத்தவர் அவர். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மீனவர் குப்பமும், அதன் அருகே ஒரு பள்ளியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தின் முன்னே அவருக்குச் சிலை உண்டு. நீலகிரிக்கும் அவர் வேண்டியவரே. தம் முதுமைக் காலத்துக்கென உதகமண்டலத்தில் நிலம் வாங்கி, 'குலிஸ்தான்' என்று பாரசீகப் பெயர் சூட்டி ஒரு வீடு கட்டினார்.

ஆனால், அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'கர்னல்' என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. பெரும்படையை நடத்தி வெற்றி கண்டதற்காகக் கிடைத்த பட்டம் அன்று அது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, காலாட்படைச் சிப்பாயின் ரொட்டியிலும் கம்பளியிலும் காலணியிலும் கைவைத்துக் கொழுத்தவர்களைத் தேடிப் பிடித்த பணியில் கிடைத்தது. ஆல்காட்டின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த முன்கதை அவசியம்.

உழவும் எழுத்தும்

1832 ஆகஸ்ட் 2 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு என்ற ஊரில் ஆல்காட் பிறந்தார். தந்தையின் தொழில் நொடித்துப் போனதால், கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒஹையோ மாநிலத்தில் விவசாய வேலைக்குப் போனார். மண்ணோடு பழகியவருக்கு வேளாண் அறிவியலில் நாட்டம் பிறந்தது. சர்க்கரைச் சோளம் பற்றி 1857-இல் அவர் வெளியிட்ட நூல் அந்நாட்டு உழவர்களிடையே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. அதன் பிறகு 'நியூயார்க் டிரிபியூன்' நாளிதழின் வேளாண் செய்தியாளரானார்.

1859 டிசம்பரில், அடிமை முறைக்கு எதிராக ஆயுதமேந்திய ஜான் பிரவுன் வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டார். அடிமை ஒழிப்பை ஆதரித்த டிரிபியூனின் செய்தியாளர்கள் அந்த மண்ணில் கால்வைப்பதே ஆபத்து என்றிருந்த நேரம் அது. ஆல்காட் வர்ஜீனியாவின் தன்னார்வப் படைப்பிரிவு ஒன்றில் தம்மை இணைத்துக்கொண்டு, தூக்குமேடைக் காட்சியை நேரில் கண்டு எழுதினார். பதினாறு மாதங்கள் கழித்து, 1861 ஏப்ரலில் அமெரிக்கா இரண்டாகப் பிளந்து போரில் இறங்கியது.

அந்தப் போரின் அதிர்வு தமிழகம் வரை எட்டியது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குப் போவது தடைபட்டதால், திருநெல்வேலி, கோவைச் சீமைகளின் பருத்திக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. கரிசல் காட்டு உழவருக்கு அந்தப் போர் பருத்தி விலையாகத் தெரிந்தது. வயிறும் கால்களும் படும் பாடாகத்தான் அமெரிக்க உழவரின் மகன் அதை அறிந்தான்.

முகாமில் ஒரு நாள்

ஆல்காட் வடபுலப் படையில் சமிக்ஞை அதிகாரியாகச் சேர்ந்தார். பகலில் கொடியையும் இரவில் தீப்பந்தத்தையும் அசைத்துத் தொலைவுக்குச் செய்தி சொல்லும் வேலை அது. 1862-இன் தொடக்கத்தில் தளபதி பர்ன்சைடு, கடல் வழியாக வட கரோலினா மீது நடத்திய படையெடுப்பில் அவரும் போனார். அவர் காலாட்படைச் சிப்பாய் அல்லர். ஆனால் சிப்பாய்களின் முகாம்தான் அவருடைய உலகமாக இருந்தது.

போர் என்றதும் நம் மனம் பாய்ச்சலையும் பீரங்கி முழக்கத்தையும் நினைக்கிறது. சிப்பாயின் நாட்களில் சண்டைக்கு உரியவை சிலவே. மற்றவை முகாமில் கழிந்தன. விடியலில் முரசு ஒலிக்கும். வரிசையில் நின்று பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். பிறகு நோயாளிகளுக்கான அழைப்பு. அதன் பின் காலை முதல் மாலை வரை அணிவகுப்புப் பயிற்சி, மறுபடியும் பயிற்சி. இடையே விறகு பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது, பள்ளம் தோண்டுவது, காவல் நிற்பது. போரின் தொடக்கத்தில் கூம்பு வடிவக் கூடாரம் ஒன்றில் பன்னிரண்டு பேருக்கு மேல் அடைந்து படுத்தார்கள். பின்னர் ஆளுக்குப் பாதித் துணி வழங்கப்பட்டது. இருவர் தம் பாதிகளைப் பொத்தான் போட்டு இணைத்தால் ஒரு கூடாரம். அதில் நாய் மட்டுமே படுக்க முடியும் என்று கேலி பேசி, அதற்கு நாய்க் கூடாரம் என்றே பெயர் வைத்தார்கள்.

உணவுதான் அன்றாடப் பேச்சு. சட்டப்படி வடபுலச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு முக்கால் பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி அல்லது ஒன்றேகால் பவுண்டு மாட்டிறைச்சி, ஒரு பவுண்டு கெட்டி ரொட்டி, அவற்றோடு மொச்சை வகை, காப்பி, சர்க்கரை, உப்பு ஆகியவை உண்டு. தாளில் எழுதியபடி பார்த்தால் அது குறைந்த உணவன்று. மாவையும் தண்ணீரையும் பிசைந்து சுட்டு உலர்த்திய அந்த ரொட்டி சதுரமாக, அரை அங்குலத் தடிப்பில், பல்லை உடைக்கும் உறுதியில் இருந்தது. துப்பாக்கியின் பின்புறத்தால் இடித்துத்தான் தின்ன முடிந்தது. பெட்டிகள் கிடங்கில் பல மாதங்கள் கிடந்து வந்ததால் வண்டும் புழுவும் குடியேறியிருந்தன. சிப்பாய் ரொட்டியைச் சூடான காப்பியில் நனைப்பான். புழுக்கள் மேலே மிதக்கும். அவற்றை வழித்தெறிந்துவிட்டுச் சாப்பிடுவான். இருட்டில் சாப்பிடுவது மேல் என்று சொல்லிச் சிரித்தவர்களும் இருந்தார்கள்.

காப்பிதான் அவனைத் தாங்கிப் பிடித்தது. பச்சைக் கொட்டை கிடைத்தால் சட்டியில் வறுத்து, வாளியில் கொட்டித் துப்பாக்கியின் கட்டையால் இடித்துக்கொள்வார்கள். தென்புலச் சிப்பாய்க்கு அதுவும் இல்லை. துறைமுகங்களை வடபுலக் கப்பல்கள் முற்றுகையிட்டிருந்ததால், சிக்கரியையும் கருகிய தானியத்தையும் கொதிக்கவைத்துக் காப்பி என்று குடித்தான். ஆற்றின் இரு கரைகளிலும் காவல் நின்ற எதிரிகள், அதிகாரிகளின் கண்ணில் படாமல் புகையிலையையும் காப்பியையும் பண்டமாற்று செய்துகொண்டார்கள். மறுநாள் ஒருவரையொருவர் சுட வேண்டியவர்கள்தாம் அவர்கள்.

வடபுலக் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். அதுவும் பல மாதங்கள் நிலுவையில் கிடந்த பிறகே கைக்கு வரும். வந்த பணத்தில் ஒரு பகுதியை, முகாம்களைத் தொடர்ந்து வந்து பலகாரமும் புகையிலையும் கொள்ளை விலைக்கு விற்ற வணிகர்கள் பறித்துக்கொண்டார்கள். மிஞ்சியது வீட்டுக்கு. கடிதமே அவனுடைய பெரிய ஆறுதல்.

குண்டைவிடக் கொடியது

அந்தப் போரில் இரு தரப்பிலும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். வடபுலப் படையில் இறந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது நோய். வயிற்றுப்போக்கும் சீதபேதியும் குடற்காய்ச்சலும் முகாம்களைச் சூறையாடின. கழிவுப் பள்ளத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் இல்லை. பண்ணைகளிலிருந்து வந்த இளைஞர்களுக்குக் கூட்டமாக வாழ்ந்து பழக்கமில்லை. கெட்ட இறைச்சியும் ஈரக் கம்பளியும் மற்றதைச் செய்தன.

ஆல்காட்டும் அதற்குத் தப்பவில்லை. கடுமையான சீதபேதியோடு நியூயார்க்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். போர்முனையில் அவருடைய பங்கு அத்தோடு முடிந்தது. முகாம் உணவு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைத் தம் உடலால் அறிந்த பிறகே, அடுத்த பணி அவரைத் தேடி வந்தது.

கணக்கேட்டுப் போர்

ஒரே ஆண்டில் சில ஆயிரம் பேர் கொண்ட படை சில லட்சம் பேராகப் பெருகினால், சீருடையும் காலணியும் குதிரையும் மாவும் அவசரமாகத் தேவைப்படும். அவசரம் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்க ஆளிருக்காது. கந்தல் கம்பளியை அரைத்து மீண்டும் நூற்ற மட்டத் துணி, புதுச் சீருடையாக விற்கப்பட்டது. ஒரு பெருமழைக்கு அது சிப்பாயின் உடம்பிலேயே பிய்ந்து தொங்கியது. காலணிகளின் அடிப்பகுதியில் தோலுக்குப் பதில் மரச் சீவலையும் அட்டையையும் ஒட்டி அனுப்பினார்கள். சில நாள் நடையில் சிப்பாய் வெறுங்காலன் ஆனான். கெட்டுப்போன இறைச்சி நல்லதென்று முத்திரை பெற்றது. குருட்டுக் குதிரைகளுக்கு முதல்தர விலை கொடுக்கப்பட்டது. மட்டத் துணிக்கு இருந்த 'ஷாடி' என்ற பெயர், தரங்கெட்ட எதையும் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்தது இந்தக் காலத்தில்தான்.

1862-இன் இறுதியில் போர்த்துறை ஆல்காட்டைச் சிறப்பு ஆணையராக அமர்த்தியது. நியூயார்க்கில் நடந்த கொள்முதல் மோசடிகளை விசாரிப்பது அவர் பணி. சில வாரங்களில் முடியும் என்று தொடங்கியது, போர் முடியும் வரை நீண்டது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு இடமும் உணவும் கொடுத்ததாகப் போலிப் பற்றுச்சீட்டுகள் தயாரித்து அரசிடம் பெருந்தொகை பெற்ற வணிகர் ஒருவரை, சீட்டுச் சீட்டாகச் சரிபார்த்து நீதிமன்றத்தில் நிறுத்தினார். செல்வாக்குள்ள அந்த வணிகர் சிங் சிங் சிறைக்குப் போனார். அந்தச் சீட்டுகளில் எழுதப்பட்டிருந்த சாப்பாட்டை எந்தச் சிப்பாயும் சாப்பிடவில்லை.

லஞ்ச ஆசையும் மிரட்டலும் அவரை அசைக்கவில்லை என்று அக்காலத்தவர் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னர் கடற்படைத் துறையும் தன் கப்பல் தளங்களின் கணக்குகளைச் சரிபார்க்க அவரை அழைத்தது. 1865 ஏப்ரலில் லிங்கன் கொலையுண்டபோது, சதியைத் துருவிய முதற்கட்ட விசாரணைக் குழுவில் அவரும் இடம்பெற்றார். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், இந்த அனுபவங்களை அவர் கட்டுரையாக எழுதினார். அரசு போருக்குச் செலவிட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒருவேளை நான்கில் ஒரு பங்குகூட, மோசடியின் கறை படிந்தது என்பது அவருடைய மதிப்பீடு.

இதே காலத்தில், 1863 மார்ச்சில், அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அரசை ஏமாற்றுபவர்மீது எந்தக் குடிமகனும் அரசின் பெயரால் வழக்குத் தொடுக்கலாம். மீட்கப்படும் தொகையில் அவருக்கும் பங்கு உண்டு. திருத்தங்களோடு அச்சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. காகிதக் காலணியோடு நடந்த சிப்பாய் தன் நாட்டுக்கு விட்டுச் சென்ற சொத்து என்று அதைச் சொல்லலாம்.

நம்பியவரும் ஐயுற்றவரும்

போருக்குப் பின் ஆல்காட் வழக்கறிஞரானார். 1874-இல் வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணை வீடொன்றில் ஆவிகள் தோன்றுவதாக எழுந்த பேச்சை ஆராயப் போன இடத்தில் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். 1875-இல் இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினர். 1879 பிப்ரவரியில் பம்பாய் வந்தார்கள். 1882-இன் இறுதியில் அடையாறு நிலையான இருப்பிடம் ஆயிற்று.

இங்கே ஒரு முரணை மறைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர்களின் பொய்யை மோப்பம் பிடித்த அதே மனிதர், அம்மையாரின் அற்புதங்களைப் பெரிதும் நம்பினார். 1885-இல் லண்டன் உளவியல் ஆய்வுச் சங்கத்தின் அறிக்கை அந்த அற்புதங்களை மோசடி என்றது. ஆல்காட்டை நேர்மையானவர் என்று விடுவித்த அவ்வறிக்கை, எளிதில் ஏமாறுபவர் என்றும் குறை சொன்னது. காணாத உலகைப் பற்றி அவர் நம்பியவை விவாதத்துக்கு உரியவை. கண்முன் இருந்த மனிதரின் பசியைப் பற்றி அவர் ஏமாறவில்லை.

முகாம் வாழ்க்கை கற்றுத் தந்த திட்டமிடலும் அவரை விட்டுப் போகவில்லை. பௌத்தக் கல்விக்கு நிதி திரட்ட 1881-இல் இலங்கைச் சிற்றூர்களில் அலைந்தபோது, தாமே வடிவமைத்த வில்வைத்த மாட்டுவண்டியில் போனார். அதில் நால்வர் படுக்கலாம். பக்கங்களில் பாத்திரங்களுக்கும் தகரத்தில் அடைத்த உணவுக்கும் சிறு நூலகத்துக்கும் பெட்டிகள். அடித்தட்டில் காய்கறிக்கும் குழம்புச் சாமானுக்கும் இடம். வயிறு கெட்டால் படையெடுப்பே கெடும் என்று அறிந்த பழைய சமிக்ஞை அதிகாரி கட்டிய வண்டி அது.

நீலகிரியின் காற்று

1883-இல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் மேஜர் ஜெனரல் மோர்கன் தம்பதியின் விருந்தினராக உதகையில் தங்கினர். மலை அவரைப் பிடித்துக்கொண்டது. 1880-களின் பிற்பகுதியில் குலிஸ்தான் எழுந்தது. முதுமையில் தாமும் அம்மையாரும் அங்கே அமைதியாக வாழலாம் என்பது எண்ணம். அம்மையார் 1891-இல் லண்டனில் காலமானார். அந்த வீட்டில் அவர் வாழவே இல்லை. 1892 தொடக்கத்தில் ஆல்காட் உடல்நலம் குன்றிச் சபைத் தலைமையைத் துறப்பதாக அறிவித்து உதகைக்கு ஒதுங்கினார். அந்த ஆண்டிலேயே முடிவை மாற்றிக்கொண்டு மீண்டும் ஊர் ஊராகப் புறப்பட்டார்.

அவர் ஓய்வுக்குத் தேர்ந்த மலைக்கும் சிப்பாய்க்கும் நெடுநாள் உறவு உண்டு. சமவெளி முகாம்களில் காய்ச்சலாலும் சீதபேதியாலும் நலிந்த படையினரைத் தேற்றவே ஆங்கிலேயர் நீலகிரியை முதலில் நாடினர். குன்னூர் அருகே ஜெகதளாவில் 1850-களில் எழுந்த படைக் குடியிருப்பே வெலிங்டன் ஆயிற்று. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860-களில் வளர்க்கப்பட்ட சின்கோனாவின் பட்டை, காய்ச்சலுக்கான கொய்னாவுக்கு மூலம். அதே கொய்னாவைத்தான் அமெரிக்க முகாம்களில் விஸ்கியில் கலந்து சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். இன்று வெலிங்டனில் மெட்ராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம் இருக்கிறது. காலாட்படைக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் அங்கே இப்போதும் விடியலில் வரிசையில் நிற்கிறார்கள்.

சேரிக்குப் போன கர்னல்

நீலகிரியில் வளர்ந்த இன்னொருவரை இந்தக் கதை தொடுகிறது. பண்டிதர் அயோத்திதாசர் 1870-களில் அந்த மலையில் அத்வைதானந்த சபையை நடத்தியவர். 1891-இல் அங்கேயே திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியும் உரிமையும் கேட்டவர். 1898-இல் அயோத்திதாசர் இலங்கை சென்று சுமங்கல தேரரிடம் பௌத்தம் ஏற்க வழிசெய்தவர் ஆல்காட். ஆல்காட் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமி உடன் சென்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் அதன் விளைவு. தமிழ்ச் சமூக வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

அதற்கு முன்பே, 1894-இல், அடையாறை ஒட்டிய ஊரூரில், பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு ஆல்காட் ஓர் இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். தொடர்ந்து நகரில் மேலும் சில பள்ளிகள் எழுந்தன. அவற்றில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். எந்தச் சமயத்தையும் பிள்ளைகள்மீது திணிப்பதில்லை என்பது அவர் வகுத்த விதி. தாம் பௌத்தராக இருந்தும் அவர் அதை மாற்றவில்லை. உயர்சாதியினர் நிறைந்த தம் சபையில் இந்தப் பள்ளிகளுக்குப் பெரிய உற்சாகம் இல்லை என்பதை அறிந்தும் நடத்தினார். 1907 பிப்ரவரி 17 அன்று அடையாறில் அவர் மறைந்தபோது, அந்தப் பள்ளிகள் நின்றுவிடவில்லை. முதல் பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது.

உள்ளிருக்கும் எதிரி

ஆல்காட்டின் வாழ்க்கையின் இரு பாதிகளையும் தனித்தனியாகப் பார்ப்பதே வழக்கம். அமெரிக்காவில் விசாரணை அதிகாரி, ஆசியாவில் சமயத் தொண்டர். இரண்டிலும் ஓடுவது ஒரே நூல். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு உரியது அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி. முகாமில் அது ரொட்டி. சென்னையில் அது எழுத்தறிவு.

சிப்பாயைப் போற்றும் உரைகளுக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. 1861-இல் அமெரிக்காவிலும் கொடிகள் பறந்தன, வாத்தியங்கள் முழங்கின. அதே தெருவில் சிப்பாய்க்கு அட்டைக் காலணி தயாரானது. அதைச் செய்தவர்களும் கொடியை அசைத்தவர்கள்தாம். தேசப்பற்றின் பெயரால் கணக்குக் கேட்பதைத் தவிர்க்கச் சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. கணக்குக் கேட்பதே தேசப்பற்று என்று ஆல்காட்டின் மூன்று ஆண்டு உழைப்பு காட்டியது.

இது படைக்கு மட்டும் உரிய பாடம் அன்று. அங்கன்வாடி முட்டை, விடுதி அரிசி, மருத்துவமனை மருந்து, பள்ளிச் சீருடை என்று அரசு வாங்கிக் கொடுக்கும் ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்வி கேட்க முடியாத ஒருவர் நிற்கிறார். அவர் தட்டுக்கு வந்ததும் தாளில் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்க்க, சலிக்காத ஒரு சிலர் எப்போதும் வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் சிலை கிடைப்பதில்லை. ஆல்காட்டுக்குக் கிடைத்த சிலைகூட வேறு பணிக்காகக் கிடைத்ததுதான்.